மூன்று வயதில் பள்ளியா, வீடா? தாயின் பங்கு எதுவரை?

நொய்யல்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். மகளுக்கு வைகாசியில் மூன்று வயது நிறைகிறது. அவளை எங்கே சேர்ப்பது என்பதைத் தவிர வீட்டில் இப்போது வேறு பேச்சே இல்லை. பக்கத்துத் தெருவில் உள்ள தனியார் நர்சரி பள்ளியில் பிரி.கே.ஜி. சேர்க்க வேண்டும் என்கிறார் மாமியார். போய் விசாரித்தோம். கட்டணத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அங்கே சுவரில் மாட்டியிருந்த நேர அட்டவணைதான் என்னைக் கலங்க வைத்தது. காலையில் ஆங்கில எழுத்து, அடுத்து எண்கள், மதியம் மறுபடி எழுத்து. விளையாட்டு என்று வெள்ளிக்கிழமை கடைசியில் சிறிது நேரம். "பிள்ளையை வாசலில் விட்டுவிட்டுப் போய்விட வேண்டும், பெற்றோர் உள்ளே வரக்கூடாது" என்றும் சொன்னார்கள்.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள். மகள் பிறந்த பிறகு போகவில்லை. நாள் முழுவதும் அவளோடு பேசிக்கொண்டேதான் இருப்பேன். துணி மடிக்கும்போது அப்பாவின் சட்டை எது, தன் பாவாடை எது என்று அவளே பிரித்து வைப்பாள். கத்தரிக்காயைப் பெரியது சிறியது என்று வரிசைப்படுத்துவாள். உறவினர்கள் இதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அடுத்த வீட்டுப் பையன் ஏ, பி, சி, டி முழுவதும் சொல்கிறான், இவளுக்கு ஒன்றும் தெரியவில்லையே என்கிறார்கள். எங்கள் தெருவிலேயே அங்கன்வாடி இருக்கிறது. "அங்கே சோறு போட்டுத் தூங்க வைப்பார்கள், அவ்வளவுதான்" என்று அதையும் ஒதுக்கிவிடுகிறார்கள்.

மூன்று வயதில் பள்ளி அவசியமா? அவசியம் என்றால் எப்படிப்பட்ட பள்ளி? பள்ளி செய்வதை வீட்டில் நானே செய்துவிட முடியுமா? அனுபவத்தைச் சொல்பவர்கள் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சிறுமலை

அனுப்பிவிடுங்கள் சகோதரி. வீட்டில் ஒரே பிள்ளை என்றால் விட்டுக்கொடுக்கவும் தன் முறை வரும்வரை காத்திருக்கவும் யாரிடம் கற்றுக்கொள்ளும்? கூட்டுக்குடும்பத்தில் சித்தப்பா பிள்ளை, அத்தை பிள்ளை என்று வீடு நிறைந்திருந்தது. அந்தச் சண்டையிலேயே பாதி கல்வி நடந்துவிட்டது. எழுத்தை நீங்கள் வீட்டில் கற்றுத்தரலாம். இன்னொரு குழந்தையை உங்களால் கொண்டுவர முடியாது.

பால்வாடி டீச்சர்

அங்கன்வாடிப் பணியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். "சோறு போட்டுத் தூங்க வைப்பார்கள்" என்ற பேச்சைப் பணிக்காலம் முழுவதும் கேட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அங்கன்வாடி என்ற எண்ணம் ஏழை வீட்டு முற்றத்தில் பிறந்தது. மகாராஷ்டிரத்தில் தாராபாய் மோடக் அம்மையார், பள்ளிக்கு வராத பழங்குடிப் பிள்ளைகளைத் தேடி அவர்கள் குடியிருப்புக்கே போய், முற்றத்தில் உட்கார வைத்துக் கற்பித்தார். கையில் கிடைத்த பொருள்களே பாடக்கருவிகள். பள்ளிக்குப் பிள்ளை வரவில்லை என்றால் பிள்ளை இருக்கும் இடத்துக்குப் பள்ளி போக வேண்டும் என்பது அவரது முடிவு. 1975 அக்டோபர் 2இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது அந்த முற்றத்தின் பெயரே (அங்கன் என்றால் முற்றம்) நாடு முழுவதற்கும் பெயராயிற்று. நம் மாநிலத்தில் 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், பள்ளி வயது வராத பிள்ளைகளையும் மையங்களுக்கு அழைத்து வந்தது. இன்று தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. சோறும் முட்டையும் போடுகிறோம் என்பதில் எனக்கு வெட்கம் இல்லை. வயிறு காய்ந்த பிள்ளைக்குக் கதை காதில் ஏறாது.

ஆனால் குறை சொல்பவர்கள் பேச்சில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். எடை பார்ப்பது, கர்ப்பிணிகள் பட்டியல், சத்துமாவு கணக்கு, தடுப்பூசி நாள், செல்போனில் போஷன் டிராக்கர் என்ற அரசு செயலியில் பதிவு, இவற்றோடு அவ்வப்போது வரும் கணக்கெடுப்புப் பணிகள். இத்தனைக்கும் நடுவில்தான் பாட்டும் கதையும். உதவியாளர் பணியிடம் காலியாக இருக்கும் மையங்களில் அதுவும் சுருங்கிப் போகிறது. டீச்சருக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டும் முன் அவர் மேசையில் எத்தனை பதிவேடுகள் இருக்கின்றன என்று பாருங்கள்.

இனி தாய்மார் விஷயம். எடை பார்க்கும் நாளில் அவர்கள் வருவார்கள். எடையைச் சொல்லி அனுப்பிவிடாமல், கொஞ்ச நேரம் பாயில் உட்கார்ந்து பிள்ளை விளையாடுவதைப் பார்க்கச் சொல்வேன். "வீட்டில் வாயே திறக்க மாட்டான், இங்கே இத்தனை பேசுகிறானே" என்று ஒரு தாய் அதிசயித்தாள். வீட்டில் அவனிடம் என்ன பேசுவாய் என்று கேட்டேன். "சாப்பிடு, தொடாதே, வா, தூங்கு" என்றாள். கட்டளைக்குப் பிள்ளை பதில் பேச வேண்டியதில்லை. கேட்டாலும் கேட்காவிட்டாலும் பேச்சு அதோடு முடிந்துவிடும். "காக்கா ஏன் தண்ணீர்த் தொட்டிக்கே வருகிறது?" என்று கேட்டால் அவன் யோசித்தாக வேண்டும், சொல் தேட வேண்டும். இதை அந்தத் தாய்க்குச் சொல்லிக் கொடுத்தபோது அவளுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். அவளிடமிருந்து நான் தெரிந்துகொண்டது வேறு: இரவில் விளக்கணைத்தால் அவன் நடுங்குகிறான் என்பது. மையத்தில் மதியத் தூக்கத்துக்குச் சன்னலைச் சாத்தியதும் அவன் ஏன் அழுதான் என்று எனக்கு அதுவரை புரியவில்லை.

நொய்யல்கரைத் தங்கைக்கு ஒன்று சொல்வேன். கத்தரிக்காயை வரிசைப்படுத்துவது கணக்குதான். நீங்கள் செய்வது சரியான கல்வி. பள்ளிக்கு அனுப்புவதால் அது நின்றுவிடக் கூடாது. தாயை வாசலோடு நிறுத்தும் பள்ளி, அந்தப் பிள்ளையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதியைத் தெரியாமலே நடத்துகிறது.

தரமணிப் பெண்

டீச்சர் எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தாயின் பங்கு என்ற பேச்சு தொடங்கினாலே வேலைக்குப் போகும் பெண்களின் மேல்தான் சுமை விழுகிறது. பிள்ளை பேசத் தாமதமானால் "அம்மா வேலைக்குப் போகிறாள், அதனால்தான்". பிள்ளை அடம் பிடித்தால் அதற்கும் அதே காரணம். நான் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். என் சம்பளம் இல்லாமல் வீட்டுக் கடனுக்குத் தவணை கட்ட முடியாது.

2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 26 வாரம் விடுப்பைக் கொண்டுவந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் சொன்னது. முன்பு நான் வேலை பார்த்த நிறுவனத்தில் அந்தக் காப்பகம் எட்டுக் கிலோமீட்டர் தள்ளி இருந்தது. நான்கு முறை எப்படிப் போவது? மாநில அரசு ஊழியராக இருந்தால் ஓராண்டு விடுப்பு. எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அக்காவுக்கு ஒரு நாள்கூட இல்லை. அவரிடம் போய் "பிள்ளையோடு நிறையப் பேசுங்கள்" என்று எந்த முகத்தோடு சொல்வது? தாயின் பங்கைப் பற்றிப் பேசுபவர்கள் முதலில் தாயின் நேரத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

மதுரை அப்பா

இழையின் தலைப்பிலேயே தந்தை இல்லை. எங்கள் வீட்டில் இரவுக் கதை என் பொறுப்பு, காலைக் குளியலும் என் பொறுப்பு. மழலையர் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் என் எண்ணைச் சேர்க்கச் சொன்னபோது "இது அம்மாக்கள் குழு" என்றார்கள். தரமணித் தோழி சொல்லும் நேரத்தில் பாதியை வீட்டிலிருக்கும் ஆண்களே தர முடியும்.

வைகை வாசகர்

காரணம் கேட்டீர்கள். இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன், இரண்டுமே நீண்ட காலம் பின்தொடரப்பட்டவை.

முதலாவது ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986-87இல் தொடங்கியது. ஏழைக் குடும்பங்களில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகள். ஒரு பகுதியினரின் வீட்டுக்குச் சமூக சுகாதாரப் பணியாளர் வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம் போனார். வீட்டிலேயே செய்யக்கூடிய பொம்மைகளை வைத்துக் குழந்தையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று தாய்க்குக் காட்டினார். இரண்டு ஆண்டுகள், அவ்வளவுதான். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அந்தக் குழந்தைகளின் வருமானம், வருகை கிடைக்காத குழந்தைகளைவிட 25 சதவீதம் அதிகமாக இருந்தது. வந்த பணியாளர்கள் பெரிய பட்டம் பெற்றவர்கள் அல்லர். நம் ஊர் அங்கன்வாடிப் பணியாளரைப் போன்றவர்கள்.

இரண்டாவது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962இல் தொடங்கிய பெர்ரி முன்பள்ளி. 123 குழந்தைகளை ஆய்வில் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் முன்பள்ளி நடத்தினார்கள். அந்த முன்பள்ளியில் படித்த பிள்ளைகள் நாற்பது வயதில் மற்றவர்களைவிட அதிகம் சம்பாதித்தார்கள், குறைவாகவே கைதானார்கள். முன்பள்ளியின் பயனுக்கு உலகமே எடுத்துக்காட்டும் ஆய்வு இது. ஆனால் பலர் சொல்லாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. அங்கே வகுப்பு தினமும் இரண்டரை மணி நேரம்தான். அதோடு ஆசிரியரே வாரம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போய்த் தாயோடு ஒன்றரை மணி நேரம் செலவிட்டார். இந்தப் பாதியை விட்டுவிட்டு, "முன்பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளை முன்னேறும்" என்று விளம்பரம் செய்வது நேர்மையில்லை.

எனவே வீடா பள்ளியா என்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்வதை நான் ஏற்கவில்லை. பலன் தந்த இரண்டு இடங்களிலும் யாரோ ஒருவர் தாயைத் தேடிப் போயிருக்கிறார்.

தரமணிப் பெண்

வைகை வாசகருக்கு ஒரு கேள்வி. அந்த மிச்சிகன் தாய்மார் எந்த நேரத்தில் வீட்டில் இருந்தார்கள்? வேலைக்குப் போகாதவர்களா?

வைகை வாசகர்

பெரும்பாலானோர் வேலைக்குப் போகாதவர்கள். உங்கள் கேள்வியின் நியாயம் புரிகிறது. 1962இன் ஏற்பாட்டை இன்றைய திருப்பூருக்கு அப்படியே கொண்டுவர முடியாது. ஷிப்ட் முடிந்து வரும் நேரத்துக்கு ஏற்ப வருகையை மாற்ற வேண்டும், தந்தையையும் உட்கார வைக்க வேண்டும். ஜமைக்காவில் வாரம் ஒரு மணி நேரமே போதுமானதாக இருந்தது என்பதை மறக்க வேண்டாம். கேட்பது நாள் முழுவதையும் அல்ல.

கரும்பலகை

தனியார் நர்சரி பள்ளியில் எல்.கே.ஜி. ஆசிரியை நான். எங்களைத் திட்டும் முன் எங்கள் நிலையையும் கேளுங்கள்.

ஜூன் மாதம் முழுவதும் மணல், களிமண், மணி கோப்பது என்றுதான் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறேன். மூன்று வயதில் மணிக்கட்டு எலும்புகள் முழுதாக உருவாகியிருப்பதில்லை. விரல்களுக்குப் பென்சிலைப் பிடிக்கும் வலு வர, முதலில் பிசையவும் கிழிக்கவும் திருகவும் வேண்டும். ஆனால் இரண்டாம் வாரமே பெற்றோர் கேட்பது "நோட்டில் ஒன்றுமே இல்லையே, மிஸ்?" என்றுதான். ஒரு தாய் பக்கத்துப் பள்ளியின் நோட்டைப் படமெடுத்துக் கொண்டு வந்து காட்டினார். நிர்வாகத்துக்குப் பயம், சேர்க்கை குறைந்துவிடும் என்று. உடனே கோடு போட்ட நோட்டு வருகிறது, புள்ளியிட்ட எழுத்து வருகிறது, வீட்டுப்பாடமும் வருகிறது. அந்த வீட்டுப்பாடத்தை இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளையின் கையைப் பிடித்து எழுத வைப்பவரும் தாய்தான். பிள்ளை அழுகிறது, தாய்க்கும் கண் கலங்குகிறது. தாய் உடன் இருக்க வேண்டும் என்று நாம் ஆசைப்படுவது இதற்காகவா?

விஜயதசமியன்று தாம்பாளத்து அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து "அ" எழுத வைக்கிறோமே, அதில் எனக்குப் பிடித்தது அரிசி. அழியும், மறுபடி எழுதலாம், தவறு என்பதே கிடையாது. மறுநாளே நோட்டைக் கொடுத்து வரிக்குள் எழுது என்கிறோம்.

நொய்யல்கரைத் தோழி, அந்த அட்டவணையைப் பார்த்துக் கலங்கியது சரி. அதை நேரில் போய்த் தலைமை ஆசிரியையிடம் சொல்லுங்கள். எழுத்து வேண்டாம், விளையாட்டு வேண்டும் என்று கேட்கும் ஒரு பெற்றோர் வந்தாலே எங்களைப் போன்றவர்களுக்குத் தைரியம் வரும்.

அட்டன் மகள்

இலங்கை மலையகத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தைப் பெரியவர்கள் இன்றும் பிள்ளைக் காம்பரா என்பார்கள், பெயர்ப்பலகையில் சிறுவர் அபிவிருத்தி நிலையம். கொழுந்து பறிக்கப் போகும் தாய் விடியலில் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு மலை ஏற வேண்டும். எங்கள் தாய்மாருக்கு வீடா பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் வசதியே இருந்ததில்லை. என்னை வளர்த்த நிலையத்துப் பொறுப்பாளரம்மா மாலையில் அம்மாவிடம் "இன்று இவள் என்ன பேசினாள் தெரியுமா" என்று ஒரு விஷயமாவது சொல்லாமல் அனுப்ப மாட்டார். லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) நடந்து போகும் வழியெல்லாம் அம்மா அதையே கேட்டுக்கொண்டு வருவார். தரமணி அக்கா, நேரம் குறைந்த தாய்க்கு இப்படியும் உதவலாம்.

தரமணிப் பெண்

அட்டன் தங்கை, இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். மகனின் காப்பகத்தில் "நன்றாக இருந்தான், சாப்பிட்டான்" என்ற இரண்டு வார்த்தைதான் கிடைக்கிறது. நாளை முதல் "இன்று என்ன பேசினான்?" என்று கேட்கப் போகிறேன்.

தஞ்சை வழக்கறிஞர்

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், 14 வயது நிறையும் வரை ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசக் கல்வி அடிப்படை உரிமை என்றது. அதில் கீழ் வயது வரம்பு இல்லை. 2002இல் வந்த 86ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அந்த உரிமையை 6 முதல் 14 வரை என்று வரையறுத்தது. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை 45ஆவது பிரிவுக்கு மாற்றியது. அரசு முயற்சி செய்ய வேண்டும் என்பதோடு அது நின்றுவிடுகிறது, நீதிமன்றத்தில் உரிமையாகக் கேட்க முடியாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆவது பிரிவும் 3 முதல் 6 வயது வரை அரசு ஏற்பாடு செய்யலாம் என்கிறது, செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. மூளை மிக வேகமாக வளரும் ஆண்டுகளைச் சட்டம் கைவிட்டிருப்பது பெரும் அநீதி. இந்த இடைவெளியில்தான் தனியார் பள்ளிகள் தங்கள் விருப்பப்படி கடை விரித்திருக்கின்றன.

வயது பற்றியும் குழப்பம் நிலவுகிறது. நம் மாநிலத்தில் முதல் வகுப்புக்கு ஐந்து வயது நிறைந்தால் போதும். 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆறு என்கிறது, கேந்திரிய வித்யாலயாக்கள் 2022 முதல் ஆறு என்று மாற்றிவிட்டன. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடும் முன் அது எந்தப் பாதையில் போகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் 2019 ஜனவரியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டதும் நினைவிருக்கலாம். 2022இல் அவற்றை நிறுத்தும் பேச்சு எழுந்தபோது பெற்றோரும் ஆசிரியர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், வகுப்புகள் தொடர்ந்தன. ஏழைப் பெற்றோர் கேட்டால் அரசின் முடிவும் மாறும்.

நொய்யல்கரை

எல்லாருக்கும் நன்றி. டீச்சர், எங்கள் தெரு அங்கன்வாடியை நேரில் போய்ப் பார்க்க முடிவு செய்திருக்கிறேன். கணவரும் வருகிறார். அங்கே எதைப் பார்க்க வேண்டும்?

பால்வாடி டீச்சர்

காலை பத்து, பத்தரை மணிக்குப் போங்கள். சமையல் நேரத்தில் போனால் பாவம், யாராலும் உங்களிடம் பேச முடியாது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே காது கொடுங்கள். டீச்சர் குரல் மட்டும் கேட்கிறதா, பிள்ளைகள் குரலும் கேட்கிறதா? விளையாட்டுப் பொருள்கள் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றனவா, பீரோவில் பூட்டிக் கிடக்கின்றனவா? புதிதாக இருக்கும் பொம்மையைவிட அழுக்கேறிய பொம்மை நல்ல அடையாளம். கழிப்பறையைக் கட்டாயம் பாருங்கள், தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்தே பாருங்கள். அழும் பிள்ளையை டீச்சர் தூக்குகிறாரா, அதட்டுகிறாரா என்பது தெரிய வேறு எதுவும் வேண்டாம், சிறிது நேரம் உட்கார்ந்தால் போதும்.

பிறகு உங்கள் மகளைப் பற்றி அவரிடம் சொல்லுங்கள். அவர் திருப்பிக் கேள்வி கேட்டால் நம்பிச் சேர்க்கலாம். முதல் வாரம் நீங்களும் உடன் உட்கார அனுமதி கேளுங்கள், நல்ல டீச்சர் மறுக்க மாட்டார். அடுத்து தனியார் பள்ளிக்கும் போய் இதையெல்லாம் பாருங்கள். இரண்டையும் பார்த்தவர் சொன்னால் மாமியாரும் காது கொடுப்பார்.

காவிரித்துறை

இந்த இழையைப் படித்துக்கொண்டே இருந்தேன், கேட்கத் தயக்கமாக இருந்தது. என் மகனுக்கு இரண்டரை வயது. "அம்மா", "தா" தவிர வேறு பேச்சு இல்லை. செல்போனில் பாட்டு வைத்தால்தான் சாப்பிடுவான். பள்ளியில் சேர்த்தால் மற்ற பிள்ளைகளைப் பார்த்துப் பேசிவிடுவான் என்கிறார்கள். அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினாராம். ஜூன் வரை காத்திருக்கலாமா?

பால்வாடி டீச்சர்

காத்திருக்க வேண்டாம் அம்மா. இரண்டு வயது முடியும்போது பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசத் தொடங்கிவிடுவார்கள். உங்கள் மகனுக்கு முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதிக்க வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளைகளைப் பரிசோதித்து உதவும் தொடக்கநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள். அங்கே கட்டணம் இல்லை. வழி தெரியாவிட்டால் உங்கள் பகுதி அங்கன்வாடிப் பணியாளரிடம் சொல்லுங்கள், பிள்ளைகளைப் பரிசோதிக்க மையத்துக்கு வரும் மருத்துவக் குழுவின் மூலம் அனுப்பி வைப்பார். பள்ளிச் சேர்க்கை தன் வழியில் நடக்கட்டும், பரிசோதனை அதற்காக நிற்கக் கூடாது.

செல்போனைப் பொறுத்தவரை, இந்த வயதில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. சாப்பாட்டு வேளையில் முதலில் நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாள் அடம் பிடிப்பான், கொஞ்சம் குறைவாகச் சாப்பிடுவான், பயப்படாதீர்கள்.

மருத்துவமனைக்குப் போகும்போது தடுப்பூசி அட்டையையும் பிரசவத்தின்போது கொடுத்த தாள்களையும் எடுத்துச் செல்லுங்கள். போகும் முன் அவனைக் கவனித்து எழுதி வையுங்கள். முதுகுக்குப் பின்னால் பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறானா, குக்கர் விசில் கேட்டால் என்ன செய்கிறான், வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா, உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறானா என்று. மருத்துவர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.

காவிரித்துறை

நன்றி டீச்சர். திங்கட்கிழமை போகிறோம். பின்னாலிருந்து அழைத்தால் சில நேரம் திரும்புகிறான், சில நேரம் இல்லை. எழுதத் தொடங்கிவிட்டேன்.